இலேசும் உறுதியும்

நமது கல்லூரி மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு தமிழ்ப் பகுதியின் ஆசிரியர் என்னைக் கேட்டபொழுது, பௌதிகம் கற்பிக்கும் எனக்குத் தமிழில் எழுதுவதற்கு என்ன இருக்கின்றதென்று தயங்கினேன். கண்ணாற் கண்டதை எழுதினாற் போதுமென்று அவர் கூறவே, யான் கண்டும், தொட்டும், அரைமணி நேரம் அமர்ந்தும் பார்த்த ஒரு மோட்டார் வண்டியைப் பற்றி எழுதத் துணிந்தேன். செல்வர் விளையாட்டுக்கென வாங்கும் வண்டியைப் பற்றிய பேச்சு இம்மலருக்கு ஏற்குமோ என்று ஐயுறும் அன்பர்கள் சற்றுப் பொறுத்துப் படிக்குமாறு வேண்டுகின்றேன்.

என் அன்னையார் பாத்திரக்கடைக்குச் சென்றால் பித்தளைக் குடத்தைக் கையிலெடுத்து ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். கனமாயிருந்தால் விலை கேட்பார். இலேசாயிருந்தால் ஒன்றும் பேசாமற் கீழே வைத்துவிடுவார். கனமே உறுதி என்னும் அப்பாடத்தை யான் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. அவருடைய கையைப் பார்த்தே கற்றேன். பின்னாளில் என் குடும்பத்துக்கென ஒரு மோட்டார் வாங்க நேர்ந்தபொழுது, என் வருவாய்க்கு இயன்றவற்றுள் மிகக் கனத்ததையே தேர்ந்தெடுத்தேன். நியூட்டனின் விதிகளை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வந்தவன் அதனைத் தேர்ந்தெடுக்கையில் அவ்விதிகளை நினைக்கவில்லை. என் பிள்ளைகள் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பதையே நினைத்தேன்.

அதற்குச் சில ஆண்டுகளின் பின்னர், படிப்பின் நிமித்தம் இங்கிலாந்தின் கீழ்ப்பகுதியிலுள்ள நாரிச் நகரில் ஓராண்டு தங்கும் வாய்ப்புக் கிட்டிற்று. அந்நகரிலிருந்து சில மைல் தொலைவில் ஹெத்தல் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே ஒரு பழைய கோவிலும், அதனருகில் 13-ஆம் நூற்றாண்டினதென்று ஊரார் சொல்லும் ஹாதார்ன் என்னும் முள்மரமும் இருக்கின்றன. அம்மரம் ஒன்றுக்காகவே ஒரு காப்பிடம் ஏற்படுத்தியிருக்கின்றனர். இலையுதிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அம்மரத்தைக் காணவேண்டுமென்று சென்றேன். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல் 1945 வரை, அவ்வூர் வயல்களின் நடுவேயிருந்த விமான நிலையத்திலிருந்து அமெரிக்கரின் லிபரேட்டர் விமானங்கள் குண்டு வீசப் புறப்பட்டுச் சென்றன. 1966-ஆம் ஆண்டில் லோட்டஸ் என்னும் மோட்டார்த் தொழிற்சாலை அவ்விடத்துக்குக் குடிபெயர்ந்தது. விமானங்கள் ஓடிய பாதையிலே அவர்கள் தம் வண்டிகளை ஓட்டிச் சோதித்தனர். இலேசாகப் பறக்கவேண்டிய பொருளுக்கென அமைத்த இடம் இலேசாக ஓடவேண்டிய பொருளுக்கு வாய்த்தது பொருத்தமேயென்று அன்று எண்ணிக்கொண்டேன்.

மரத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்த என்னிடம், ஓய்வு பெற்ற பள்ளியாசிரியர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். யான் பௌதிகம் கற்பிப்பவன் என்றறிந்ததும், "அப்படியாயின் மரத்தைவிடத் தாங்கள் பார்க்கவேண்டியது வேறொன்று இருக்கின்றது" என்று சொல்லிச் சாலையோரம் நிறுத்தியிருந்த தம் வண்டியிடம் அழைத்துச் சென்றார். பசுமை நிறமுள்ள, கூரையில்லாத, என் இடுப்பளவு உயரமுமில்லாத சிறு வண்டி. இருவருக்கு மட்டுமே இடம். எலிஸ் என்பது அதன் பெயர். அக்காலத்தில் அத்தொழிற்சாலையின் தலைவராயிருந்த ரோமானோ ஆர்ட்டியோலி என்பார், தம் பேத்தி எலிஸாவின் பெயரையொட்டி இட்டது.

பேத்தியின் பெயரைத் தாங்கிய அவ்வண்டியின் கதவைத் திறந்து உள்ளே புகுவது எளிதன்று. கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு பெரிய பெட்டிபோன்ற சுவர் நெடுக ஓடுகின்றது. அதன்மேற் காலைத் தூக்கி வைத்துக் குனிந்து சரிந்து இறங்கவேண்டும். வயதான அம்மனிதர் அதை ஒரு வித்தைபோலச் செய்தார். யானோ அங்கியை மாட்டிக்கொண்டு சற்று நேரம் தவித்தேன். அமர்ந்த பின்னரே கண்டேன், எங்கும் வெள்ளி நிறத்து அலுமினியம் வண்ணமும் துணியும் பூசி மறைக்கப்படாமல் அப்படியே தெரிந்ததை. காலடியில் விரிப்பில்லை. மிதிகளும் அலுமினியமே. ஓர் ஏழையின் வீட்டுக்குள் நுழைந்தாற்போலவும், மிகவும் சிந்தித்துக் கட்டிய வீட்டுக்குள் நுழைந்தாற்போலவும் ஒருங்கே தோன்றிற்று.

1995-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள பிராங்க்பர்ட் நகரத்துக் கண்காட்சியில் இவ்வண்டி முதன்முதல் உலகிற்குக் காட்டப்பட்டது. முழுவதையும் நிறுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 725 கிலோகிராம். எல்லாப் பளுவையும் தாங்கும் அடிச்சட்டமோ ஏறத்தாழ 68 கிலோகிராம்தான். நம்முள் ஒருவருடைய எடை. அவ்வெண்ணைக் கேட்டபொழுது யான் நம்பவில்லை. திருப்பிக் கேட்டேன்.

அலுமினியம் இலேசான உலோகமாதலால் வண்டியும் இலேசாயிற்று என்று பலரும் சொல்லிவிடுவர். பௌதிகம் அப்படிச் சொல்லவில்லை. எஃகின் அடர்த்தி அலுமினியத்தின் அடர்த்தியைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு, உண்மையே. ஆனால் வளைவையும் நீட்சியையும் எதிர்க்கும் விறைப்பும் எஃகுக்கு மும்மடங்கு உண்டு. எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழச் சமமே. ஆகவே ஒன்றை நீக்கி மற்றொன்றை வைத்த அளவில் யாதொரு இலாபமுமில்லை. இலாபம் வேறிடத்தில் இருக்கின்றது. ஒரே எடையுள்ள இரண்டு தகடுகளை எடுத்துக்கொண்டால் அலுமினியத் தகடு மும்மடங்கு தடிப்பாயிருக்கும். தகடு வளையாதிருக்கும் திறனோ தடிப்பின் கனத்தைப் பொறுத்தது. மும்மடங்கு தடித்தால் இருபத்தேழு மடங்காகும். பொருளின் விறைப்பு மூன்றிலொன்றாகையால் அதனைக் கழித்துப் பார்த்தாலும் ஒன்பது மடங்கு எஞ்சுகின்றது. மெல்லிய எஃகுத் தகடு கசங்கிவிடக்கூடிய இடத்தில் அதே எடையுள்ள அலுமினியம் கசங்காமல் நிற்கும் காரணம் இதுவே. உலோகத்தில் அன்று, அதன் வடிவத்தில் இருக்கின்றது உறுதி.

அந்த வடிவம் கிடைத்த வகை நம் வீட்டுப் பெண்மணிகள் அறியாததன்று. முறுக்கு உழக்கில் மாவை இட்டு அமுக்கினால் அச்சின் துளை எவ்வுருவமோ அவ்வுருவத்தில் மாவு நீண்டு வெளிவருமன்றோ? காய்ச்சி இளக்கிய அலுமினியக் கட்டியையும் அவ்வாறே பெருவிசையுடன் அச்சினூடே பிதுக்கி, உள்ளே வெறுமையான பெட்டிக் குழாய்களாக எடுக்கின்றனர். எலிஸ் வண்டிக்கான குழாய்கள் டென்மார்க்கிலுள்ள டோண்டர் என்னும் ஊரில் ஹைட்ரோ நிறுவனத்தாரால் இங்ஙனம் பிழியப்பட்டன. எஃகுத் தகடுகளை வளைத்து உருவாக்கும் பெரிய அழுத்து அச்சுகளுக்குப் பெரும்பொருள் வேண்டும். இலட்சக்கணக்கில் வண்டி விற்போருக்கே அஃது இயலும். பிழியும் அச்சுக்கோ செலவு சிறிது. ஆகவே பணமில்லாத சிறு தொழிற்சாலைக்கு இம்முறையே கைகொடுத்தது. வறுமை அறிவைத் தூண்டிய இடங்களுள் இஃதும் ஒன்று.

இக்குழாய்களைச் சேர்த்தது பசை என்று அப்பெரியவர் சொன்னபொழுதுதான் யான் உண்மையிலேயே அஞ்சினேன். யான் அமர்ந்திருக்கும் வண்டி ஒட்டப்பட்டதா! ரிச்சர்டு ராக்ஹம் என்னும் பொறியியலார் தலைமையில் அமைந்த அச்சட்டத்தில் உருக்கி இணைத்தல் விலக்கப்பட்டது. உருக்கினால் அச்சூடு அலுமினியத்தின் வலிமையைக் குறைக்கும். நேரான குழாயையும் கோணச் செய்யும். அதைத் தாங்கக் குழாயின் சுவரைத் தடிப்பாக்க வேண்டும். தடிப்பாக்கினால் கனம் வந்துவிடும். எபாக்ஸி என்னும் பசையைத் தடவி உலையில் இட்டுச் சுடவைத்தால், இணைப்பு ஒரு புள்ளியில் நில்லாமல் முகம் முழுதும் பரந்து நிற்கின்றது. பசைக்கு ஒரு குறை உண்டு. தபால்தலையைத் தாளின்மேல் வழுக்கித் தள்ளிப் பாருங்கள், அசையாது. ஒரு மூலையை நகத்தால் நெம்புங்கள், உரிந்துவிடும். அவ்வண்ணமே இச்சட்டத்தின் பசையும் உரிதலுக்கு அஞ்சுவதாகையால், உரியத் தொடங்கக்கூடிய இடங்களில் திருகாணிகளையும் இட்டிருக்கின்றனர். பளுவைத் தாங்குவது பசை. பசையைக் காப்பது ஆணி.

முழங்கால் உயரத்துச் சுவரின் பொருள் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. கூரையுள்ள வண்டி மூடிய பெட்டியைப்போன்றது, எளிதில் முறுகாது. கூரையை நீக்கிவிட்டால் மூடி கழன்ற அட்டைப்பெட்டியைப்போல ஒரு மூலை மேலும் ஒரு மூலை கீழுமாக முறுகும். அம்முறுக்கத்தைத் தடுக்க இருபுறமும் இரண்டு பெரிய மூடிய குழாய்கள் ஓடவேண்டியிருந்தது. யான் தவித்துக் கடந்த அச்சுவரே அவ்வண்டியின் முதுகெலும்பு. வெளியே காணும் பசுமையான உடல் வெறும் கண்ணாடி நாரும் பிசினும். காற்றையும் மழையையும் தடுப்பதன்றி அதற்கு வேறு பொறுப்பில்லை.

எல்லாம் முதன்முறையிலேயே கைகூடிவிட்டதென்று எண்ணவேண்டா. தொடக்கத்து வண்டிகளுக்கு பிரேக்கு வட்டுகளையும் அலுமினியத்தாலேயே, சிலிகான் கார்பைடு துகள்களைக் கலந்து, செய்து பார்த்தனர். சாதாரண வண்டியின் பிரேக்குச் சூட்டில் அலுமினியம் நில்லாது. இவ்வண்டி இலேசாகையால் நிறுத்தும்பொழுது பிறக்கும் சூடும் குறைவு. ஆதலால் அஃது இயன்றது. ஓரிலேசு மற்றோரிலேசுக்கு வழி திறப்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ? ஆயினும் அவ்வட்டுகள் நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர் வார்ப்பிரும்புக்கே திரும்பினர்.

தொழிற்சாலையை நிறுவிய காலின் சாப்மன் இவ்வண்டியைக் காணவில்லை, 1982-இலேயே மறைந்தார். இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பொறியியல் பயின்ற அவர், 1957-ஆம் ஆண்டில் எலீட் என்னும் வண்டியைச் செய்து காட்டினார். தனியே ஒரு சட்டமின்றிக் கண்ணாடி நாரினாலான உடலே சட்டமுமாய் நிற்கும்படி அமைத்தது அது. எடை ஏறத்தாழ 500 கிலோகிராம். ஒரு பொருள் இரண்டு வேலைகளைச் செய்தால் மற்றொரு பொருள் வேண்டாவாகும் என்பதே அவருடைய கணக்கு. கண்ணாடி நாரோ பரந்த பளுவை நன்றாய்த் தாங்கும். ஆணி முடுக்கிய ஒரு புள்ளியில் வந்து குவியும் பளுவை அத்துணை நன்றாய்த் தாங்காது. அவ்வருமைகளையெல்லாம் பட்டறிந்த பின்னரே அலுமினியக் குழாய்க்கு வந்து சேர்ந்தனர் என்று கொள்ளலாம்.

2008-ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலையார் இதே எலிஸை வேறொரு கோலத்திற் செய்து மாதிரியாகக் காட்டினர். விற்பதற்கன்று, இப்படியும் செய்யலாம் என்று காட்டுவதற்கு. அதைப்பற்றி அப்பெரியவர் மிகுந்த உவகையுடன் பேசினார். ஏனெனில் அதன் உடலில் கண்ணாடி நாருக்குப் பதிலாக அந்நாட்டுக் கீழ்ப்பகுதி வயல்களில் விளைந்த ஹெம்ப் என்னும் செடியின் நார் சேர்ந்தது. இதனை நம்மூர்ச் சணலென்றோ சணப்பென்றோ மயங்கற்க. கஞ்சாச் செடியின் இனம். எனினும் மயக்கந்தரும் பொருள் மிகக் குறைந்த வகை. கோவில் வாசலில் நின்றுகொண்டு இதை விளக்கியபொழுது அவர் சற்றே குரலைத் தாழ்த்திக்கொண்டது எனக்கு நகைப்பை விளைத்தது. கண்ணாடி நாரின் அடர்த்தி 2.5 என்றால் இந்நாரினது 1.5 அளவேயாகும். தரைவிரிப்புக்கு சைசல் என்னும் கற்றாழை நார். இருக்கைக்கு ஆட்டு மயிர். கூரையிற் சூரிய ஒளியை மின்னாக்கும் மெல்லிய பலகைகள். சாதாரண எலிஸைவிட அம்மாதிரி 32 கிலோகிராம் குறைந்ததென்று கூறினர். கற்றாழை நார் என்றதும் எனக்கு என் ஊர்க் கிணற்றுக் கயிறு நினைவுக்கு வந்தது. அதனை அவரிடம் சொன்னேன்.

குறையையும் சொல்லவேண்டும். அந்நாரைப் பிணைத்த பிசின் வழக்கமான பாலியெஸ்டரே. செடி நார் ஈரத்தை உறிஞ்சும்; கண்ணாடி உறிஞ்சாது. வயலில் விளைந்த வண்டி என்று பெருமை பேசுவதற்கு முன் இவற்றையும் நினைத்தல் நேர்மை. எனினும் கண்ணாடியை உருக்கி நூலாக இழுக்க வேண்டிய சூடு இச்செடிக்கு வேண்டா. மழையும் வெயிலும் போதும்.

பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று வண்டியை முடுக்கி, "வாருங்கள்" என்று புறப்பட்டுவிட்டார். இருபுறமும் வேலி நெருங்கிய குறுகிய பாதைகள். வளைவுகளில் வண்டி சாயவில்லை, தயங்கவில்லை. சாலையிற் கிடந்த சிறு கல்லையும் என் முதுகு அறிந்தது. அறுபதைக் கடந்தவர் சிறுவனைப்போல் மகிழ்ந்தார். மறைப்பானேன், யானும் மகிழ்ந்தேன். அப்பொழுது எதிரே ஒரு வளைவிலிருந்து சர்க்கரைக்கிழங்கு ஏற்றிய லாரி வந்தது. அதன் சக்கரத்தின் உச்சி என் தலைக்கு நேராயிருந்தது. அவர் ஒதுங்கி நிறுத்தினார், லாரி கடந்து சென்றது, ஒன்றும் நேரவில்லை. ஆயினும் என் கை அந்த அலுமினியச் சுவரை இறுகப் பற்றியிருந்தது. சற்று முன்னர் அதன் உறுதியைக் கணக்கிட்டு வியந்தவன் யானே.

அவ்வச்சம் ஊர் திரும்பிய பின்னும் என்னை விடவில்லை. வேகவியல் பாடம் வந்த நாளில் அதனையே கணக்காக வகுப்பிற் கொடுத்தேன். எலிஸ் வண்டியே பிற்காலத்தில் கனத்துக்கொண்டு வந்து டொயோட்டா எந்திரம் பொருத்தியபின் 860 கிலோகிராமை எட்டிற்று. 2021-ஆம் ஆண்டின் முடிவில் அதனைச் செய்வதையே நிறுத்திவிட்டனர். சீனத்து ஜீலி நிறுவனம் 2017-இல் பெரும்பங்கை வாங்கிக்கொண்ட பின்னர், அதே லோட்டஸ் என்னும் பெயரோடு 2022-இல் வெளிக்காட்டப்பட்ட எலெட்ரா என்னும் மின்கல வண்டியின் எடை ஏறத்தாழ 2,500 கிலோகிராம். முதல் எலிஸ் மூன்றைச் சேர்த்து நிறுத்தாலும் அதற்கு ஈடாகாது. மின்கலம் கனமானது, குடும்பம் முழுதும் அமரும் வண்டியை இருவர் வண்டியோடு ஒப்பிடுவது நியாயமன்று என்பதையும் மாணவர்க்குச் சொன்னேன். சொல்லிவிட்டு, 725 கிலோகிராமுள்ள வண்டியும் 2,500 கிலோகிராமுள்ள வண்டியும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால் யாது நிகழும் என்று கேட்டேன்.

உந்தம் அழியாது என்னும் விதியைக்கொண்டு அவர்கள் விரைவிற் கணக்கிட்டுவிட்டனர். மோதிய இரண்டும் கனத்த வண்டி சென்ற திசையிலேயே மணிக்கு ஏறத்தாழ 27.5 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும். கனத்த வண்டியிலிருப்பவருக்கு நேர்ந்த வேக மாற்றம் 22.5, இலேசான வண்டியிலிருப்பவருக்கு 77.5. விடையைக் கரும்பலகையில் எழுதியபின் வகுப்புச் சிறிது நேரம் அமைதியாயிருந்தது. சட்டம் எத்துணை உறுதியாயினும், பசை எத்துணை நன்றாய் ஒட்டினும், இவ்வெண்களை மாற்ற இயலாது. இரண்டும் 725 ஆயிருந்தால் இருவருக்கும் மாற்றம் 50-தான். இரண்டும் 2,500 ஆயிருந்தாலும் 50-தான். யான் என் பிள்ளைகளுக்கென விலை கொடுத்து வாங்கிய பாதுகாப்பு எங்கிருந்து வந்ததென்பதை அன்றுதான் என் கையாலேயே எழுதிப் பார்த்தேன். எதிரே வருபவனிடமிருந்து எடுத்ததாகும் அது. இருசக்கர வண்டியிலும் சைக்கிளிலும் வருவோருக்கு இக்கணக்கைப் போட்டுக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அவ்வகுப்பிற் பலர் அவற்றிலேயே வருகின்றவர்கள்.

பின்னர்ப் பேச்சை மாற்ற விரும்பி, தாளைச் சுருட்டி ஓரத்தை ஒட்டி ஒவ்வொருவர் கையிலும் ஒரு குழாயைக் கொடுத்து முறுக்கிப் பார்க்கச் சொன்னேன். முறுகவில்லை. கத்தரிக்கோலால் நெடுக ஒரு பிளவு செய்து மறுபடியும் முறுக்கச் சொன்னேன். இலகுவாய் முறுகிற்று. எடையில் ஒன்றுங் குறையவில்லை, மூடியிருந்தது திறந்துகொண்டது மட்டுமே என்று அவர்களே சொல்லிவிட்டனர். கடைசி வரிசையிலிருந்த மாணவனொருவன் மட்டும் குழாயைப் பாராமற் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். மணி அடித்தபின் மேசையருகே வந்து, "ஐயா, அவ்விரண்டு வண்டிகளுள் தாங்கள் எதில் அமர்வீர்கள்?" என்று பணிவாகக் கேட்டான்.

தனியே செல்வதானால் இலேசான வண்டியில் என்றேன். "வீட்டாரோடு சென்றால்?" என்றான். அதற்கு யான் விடை கூறவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை, தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். யான் என் கனத்த வண்டியிலேறி, அவனுக்குப் பின்னால், வாயில்வரை மெல்ல ஓட்டிச் சென்றேன்.